கேசுவால்டியில் நாலே பேர் இருக்கும்போது

துடிப்பு நின்றவரை நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து மீட்கிற சிபிஆர் வகுப்புக்குப் போனால் படத்தில் ஆறு பேர் நிற்பார்கள். நெஞ்சை அழுத்த ஒருத்தர், தலைமாட்டில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) பிடிக்க ஒருத்தர், டிஃபிப் என்கிற ஷாக் மிஷின் பக்கத்தில் ஒருத்தர், மருந்துக்கு ஒருத்தர், எழுத ஒருத்தர், இவர்களுக்கு மேலே ஒரு தலைவர். பார்க்க நல்லாத்தான் இருக்கும். தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஆறு பேருக்கு எங்கே போவது? டியூட்டி டாக்டர் ஒருத்தர், சிஸ்டர் ரெண்டு பேர் (அதில் ஒருத்தி போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பாள்), பணியாளர் அண்ணன் ஒருத்தர், வாசலில் செக்யூரிட்டி. கேஸைக் கொண்டுவந்த 108 வண்டியின் இஎம்டியும் (முதலுதவி பார்ப்பவர்) பைலட்டும் (டிரைவர்) கிளம்பாமல் நின்றால் அது நம்ம அதிர்ஷ்டம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். கேசுவால்டியில் பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது புதுசாக வருகிற பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும் வேலையும் சேர்ந்துகொண்டது. இதை எழுதுவது அவர்களுக்காகத்தான். ரிதம் (மானிட்டரில் இதயம் ஓடுகிற விதம்) பார்க்கவும் மருந்து அளவுக்கும் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, அதை அங்கே படித்துக்கொள்ளலாம். ஆள் குறைவு, அனுபவமும் குறைவு, ஆனால் துடிப்பு நின்றவர் கட்டிலில் கிடக்கிறார் என்றால் யார் எங்கே நிற்பது, யார் வாயைத் திறப்பது என்பதை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நடந்தது. களக்காட்டுப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் அண்ணாச்சி ஒருத்தரை அவர் மருமகன் லோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார். உள்ளே வரும்போது பேசிக்கொண்டுதான் வந்தார், “நெஞ்சு பாரமா இருக்கு தாயி” என்றார், கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். டியூட்டி டாக்டர் இளம் பெண், நல்ல கெட்டிக்காரி. அவர் போட்ட முதல் சத்தம், “யாராவது ஆக்சிஜன் கொண்டு வாங்க!” உடனே மூணு பேர் ஆக்சிஜனுக்கு ஓடினார்கள். ரெண்டு சிலிண்டர் வந்தது, ஒன்றுக்கும் சாவி வரவில்லை. நெஞ்சில் கை வைக்க ஒரு ஆள் இல்லை. “ஈசிஜி போடுங்க” என்றபோது நிலைமை நேர்மாறு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள், யாரும் நகரவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் சிபிஆர் தெரியும், சான்றிதழும் வைத்திருந்தார்கள். ஆனால் எந்த வேலை யாருடையது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் கூட இலை போடுவதற்கு முன்னாலேயே சாம்பார் வாளி யாருக்கு, ரசம் யாருக்கு என்று பிரித்துவிடுகிறோம். ஓர் உயிர் போகிற இடத்தில் மட்டும் அதை ஆள் விழுந்த பிறகுதான் பிரிக்கிறோம்.

ஆகவே முதல் பழக்கம் டியூட்டி மாறும்போதே வேலையைப் பிரிப்பது. இதற்கு ஒரு நிமிஷம் போதும். இன்றைக்கு அரெஸ்ட் (துடிப்பு நின்ற கேஸ்) வந்தால் நெஞ்சு யார், தலைமாடு யார், ஊசி யார், நேரம் யார் என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். நிற்கும் இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். நோயாளியின் வலப்பக்கம் நிற்பவர் நெஞ்சுக்கு, தலைமாட்டில் நிற்பவர் மூச்சுக்கு, இடப்பக்கம் நிற்பவர் வென்ஃப்லானுக்கும் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) மருந்துக்கும், கால்மாட்டில் நிற்பவர் மொத்தத்தையும் பார்க்கிறவர். வலம் இடம் உங்கள் ஊர்க் கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து மாறலாம், அதில் ஒன்றுமில்லை. இடம் முடிவாகிவிட்டால் ஆளும் முடிவாகிவிடும். யார் உள்ளே ஓடி வந்தாலும் காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்ததும் தன் வேலை என்ன என்று தெரிந்துவிடும்.

கால்மாட்டில் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். நம்ம இடத்தில் அது எப்போதும் நடக்காது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட டாக்டரை விட்டால் ஆள் இல்லை என்றால் அவர் தலைமாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது, “சிஸ்டர், நான் டியூப் போடப் போறேன், அதுவரைக்கும் நீங்க பாத்துக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்துத் தொண்டைக்குள் பார்க்கக் குனிந்த மனுஷருக்கு மானிட்டர் தெரியாது, நேரமும் தெரியாது. தலைவர் இல்லாமல் ஓடுகிற அந்த ரெண்டு மூணு நிமிஷத்தில்தான் நெஞ்சழுத்தம் நின்றுபோனதைக்கூட யாரும் கவனிக்காமல் விடுவது நடக்கிறது. உண்மையில் ஆம்பு பேக்கில் நெஞ்சு நன்றாக ஏறி இறங்குகிறது என்றால் டியூப்புக்கு அவசரமே இல்லை. இதைச் சொன்னால் சில ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி டாக்டர்கள்) கோபம் வரும், பரவாயில்லை.

அடுத்தது கூப்பிடும் விதம். “யாராவது” என்ற வார்த்தையையே விட்டுவிடுங்கள். பேர் சொல்லி, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பேர் தெரியவில்லையா, “நீலச் சட்டை அண்ணே, உங்களத்தான்” என்று கையை நீட்டுங்கள். சொல்லப்பட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முடித்ததும் முடித்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் கேசுவால்டியில் அது இப்படி இருக்கும்:

“சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி.”

“அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி, எடுக்கேன் சார்.”

கொஞ்ச நேரத்தில், “அட்ரினலின் ஒண்ணு போட்டாச்சு, ஃப்ளஷ்ஷும் பண்ணியாச்சு.”

“ரெண்டு பதினாலு,” என்று எழுதுகிற பிள்ளை குரல் கொடுப்பாள்.

ஆரம்பத்தில் கிளிப்பிள்ளை மாதிரி எதற்கு என்று சிரிப்பார்கள். ஒரே மருந்தை ரெண்டு பேர் ரெண்டு தடவை போட்டதையும், யாருமே போடாமல் போட்டாச்சு என்று எழுதியதையும் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

சரி, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது எழுதுகிற பிள்ளையைப் பற்றித்தான். நம்ம ஊரில் பெரியவங்க முன்னால் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. இருபத்திரண்டு வயசில் யூனிஃபார்ம் போட்டதும் டாக்டரைப் பார்த்து “சார், அழுத்தம் நின்னு இருபது செகண்டு ஆச்சு” என்று சொல்லிவிடுமா? சொல்லாது. பார்த்துக்கொண்டே நிற்கும், உள்ளே பதறும், வாய் திறக்காது. அப்புறம் டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, “அக்கா, நான் அப்பவே பாத்தேன், சொல்லப் பயமா இருந்துச்சு” என்னும். தைரியமாகப் பேசு என்று புத்தி சொல்வதில் பயன் இல்லை என்று நான் முடிவுகட்டி ரொம்ப நாள் ஆச்சு. அதற்குப் பதிலாக, இருப்பதிலேயே புதுசான ஆளிடம் நேரத்தைக் கொடுத்துவிடுகிறோம். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், கேஸ் ஷீட், பேனா. அவள் வேலை சத்தமாக நேரம் சொல்வது மட்டும்தான். அழுத்தம் நின்றால் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பத்து வரை எண்ண வேண்டும். பத்தில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் “பத்து, அழுத்துங்க” என்று சொல்லியே ஆக வேண்டும். ரெண்டு நிமிஷம் ஆனதும் “ரெண்டு நிமிஷம், ஆள் மாத்துங்க.” டாக்டரும் முன்கூட்டியே எல்லார் முன்னிலையிலும், “பாப்பா சொன்னா நானும் கேட்பேன்” என்று சொல்லிவிட வேண்டும். இது டாக்டர் வாயிலிருந்து வந்தால்தான் வேலை செய்யும், நான் சொல்லிப் பயனில்லை. பெரிய டாக்டரைத் திருத்துகிறோம் என்ற கூச்சம் அவளுக்கு வராது, அவள் கடிகாரத்தில் இருப்பதைப் படிக்கிறாள், அவ்வளவுதான். இப்படி ரெண்டு மூணு கேஸ் பார்த்த பிள்ளை அடுத்தடுத்து மற்ற விஷயங்களையும் தானாகவே சொல்ல ஆரம்பிக்கிறது.

நெஞ்சழுத்தத்துக்கு வருவோம். 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூணு பேர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓட்டலாம் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் நெஞ்சைக் கிழித்து இதயத்தைக் கையால் பிடித்துப் பிசைகிற வேலை அது, சர்ஜன் இல்லாமல் முடியாது. கை இருக்கிற யாரும் செய்யலாம் என்று ஆன பிறகும், டாக்டர் வரட்டும் என்று காத்து நிற்கிற சிஸ்டர்களை இன்றும் பார்க்கிறேன். காத்திருக்காதீர்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், கழுத்து நாடி பத்து செகண்டுக்குள் கிடைக்கவில்லை என்றால் கை வைத்துவிட வேண்டியதுதான். பெரியவர்களுக்கு ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-க்கு மேல் வேண்டாம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள். களைத்த ஆள் தன் பாரத்தை நெஞ்சிலேயே சாய்த்து வைத்துக்கொள்வார், எழும்பாத நெஞ்சுக்குள் ரத்தம் திரும்பாது.

சில சில்லறை விஷயங்கள் உண்டு, யாரும் சொல்லித் தராதவை. நம்ம கட்டில்கள் உயரம், நம்ம சிஸ்டர்கள் பாதிப்பேர் குட்டை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் இரும்புப் படியை இழுத்துப் போட்டு ஏறி நின்றால்தான் முழங்கை மடங்காமல் உடம்புப் பாரம் இறங்கும், தரையில் நின்று எக்கி அழுத்தினால் கைதான் வலிக்கும். அப்புறம் எண்ணுவது. தமிழில் முப்பது வரை எண்ணிப் பாருங்கள், பத்து வரைக்கும் சரசரவென்று போகும், பதினொண்ணுக்கு மேல் இழுக்கும், “இருபத்தேழு இருபத்தெட்டு” வரும்போது அழுத்தும் வேகமே குறைந்துவிடும். அதனால் நாங்கள் பத்து பத்தாக மூணு தடவை எண்ணுகிறோம். செல்போனில் 110-க்கு வைத்த, தாளம் தட்டும் மெட்ரோனோம் இருந்தால் இன்னும் நல்லது.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. “எனக்கு ஒண்ணும் செய்யல, நான் அழுத்துதேன்” என்று நம்ம அண்ணன்மார் சொல்வார்கள். தோட்ட வேலை பார்த்த கை, சந்தேகமில்லை. ஆனாலும் அவருக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைய ஆரம்பித்துவிடும். அடுத்த ஆள் எதிர்ப்பக்கம் கையைக் கோத்துத் தயாராக நிற்க வேண்டும். நாடியும் ரிதமும் பார்க்கிற அதே இடைவெளியில் மாற வேண்டும், மாறுவதற்கென்று தனியாக ஒரு இடைவெளி கூடாது. ஷாக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் அழுத்தம் நடக்கும்போதே டிஃபிப்பை சார்ஜ் பண்ணி வைத்துவிடுங்கள். நிறுத்தி, பார்த்து, எல்லாரும் விலகி, ஆக்சிஜனை அப்பால் வைத்து, ஷாக் கொடுத்து, உடனே திரும்ப அழுத்தம். ஷாக் கொடுத்துவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் வருகிற ஆசை, அதற்குத்தான் பத்து எண்ணுகிற பிள்ளை.

மூச்சு விஷயத்தில் புது ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். பதற்றம் கையில் இறங்கி ஆம்பு பேக்கைப் போட்டுப் பிழிவார்கள். அந்தப் பையில் ஒரு மூச்சுக்குத் தேவையானதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் காற்று இருக்கிறது. நெஞ்சு லேசாக எழும்பினால் போதும், ஒரு செகண்டில் ஒரு அமுக்கு. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, டியூப் போட்ட பிறகு 6 செகண்டுக்கு ஒன்று, அழுத்தம் நிற்காது. அதிகம் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி மேலே வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்கு ரத்தம் திரும்புவதும் குறையும். மாஸ்க்கை ரெண்டு கையாலும் ஒருத்தர் இறுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் அமுக்கினால் புது ஆட்களாலும் நன்றாகச் செய்ய முடிகிறது.

பொதுமக்களுக்கு மூச்சு வேண்டாம், அழுத்தம் மட்டும் போதும் என்று 2017-ல் இந்திய மயக்கவியலாளர்கள் வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம், தெருவில் விழுந்தவரை யாராவது தொடுவார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் மூச்சை அலட்சியம் பண்ணக் கூடாது, அதுவும் நம்ம பகுதியில். பாபநாசத்தில் படித்துறை, காரையார் சொரிமுத்து அய்யனார் கோவில் ஆடி அமாவாசைக் கூட்டம், லீவு நாளில் அணைக்கட்டுப் பக்கம் குளிக்க வருகிற வெளியூர்ப் பையன்கள் என்று தண்ணீரில் முங்கியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு இதயம் நின்றது ஆக்சிஜன் இல்லாமல்தான், ஆகவே முதலில் மூச்சு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறோம், தலைகீழாகத் தூக்குகிறோம் என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள், விடாதீர்கள். கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். தரையில் படுத்து உறங்கியவர், கடித்த இடத்தில் வீக்கமே இல்லை, விடியக்காலம் வயிற்றுவலி என்று வருகிறார், பார்த்தால் கண் இமை தொங்குகிறது, நாக்கு குழறுகிறது. அவருக்கு இதயத்தில் கோளாறு இல்லை, மூச்சுத் தசைதான் வேலை செய்யாமல் போகிறது. ஆம்பு பேக்கை விடாமல் பிடித்து, விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, வண்டியிலும் பிடித்துக்கொண்டே ஹைகிரவுண்டு (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவர் பிழைக்கலாம். அசையாமல் கிடக்கிறார், கண் திறக்கவில்லை என்பதற்காக மூளை போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

மருந்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை. ஒன்று விட்டு ஒன்று ஆள் மாற்றும்போது என்று வைத்துக்கொண்டால் நாலு நிமிஷம் தானாக வந்துவிடும், தனியாக நினைவு வைக்க வேண்டாம். மானிட்டரில் நேர்கோடு என்றால் முடிந்த சீக்கிரம், ஷாக் கொடுக்கிற ரிதம் என்றால் ரெண்டாவது ஷாக்குக்குப் பிறகு. போட்டதும் 20 மில்லி சலைன் தள்ளி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து முழங்கையிலேயே நிற்கும். உடைத்த ஆம்பியூலைக் குப்பையில் போடாதீர்கள். எல்லாம் ஒரே கிட்னி ட்ரேயில் கிடக்கட்டும். கடைசியில் எழுதியதற்கும் ட்ரேயில் கிடப்பதற்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

அப்புறம் தலைவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. மூணாவது ஆள் மாற்றம் ஆகியும் துடிப்பு வரவில்லை என்றால் அவர் நிதானமாக, சத்தமாக, “எதனால நின்னுச்சு? யாருக்காவது ஏதாவது தோணுதா? நான் எதையாவது விட்டுட்டேனா?” என்று கேட்க வேண்டும். ஆக்சிஜன் குறைவா, ரத்தம் போச்சா, பொட்டாசியமா, விஷமா, நெஞ்சுக்குள் காற்று அடைத்திருக்கிறதா என்று அவரே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஒரு முறை இப்படிக் கேட்டபோது பதில் சொன்னது டாக்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. வென்ஃப்லானுக்காகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பணியாளர் அண்ணன், “சார், இந்தக் கையில தையல் போட்ட தழும்பு இருக்கு, புடைச்சுக்கிட்டு இருக்கு, எங்க மச்சானுக்கு டயாலிசிஸுக்குப் போட்டது மாதிரி” என்றார். தொட்டுப் பார்த்தால் ஃபிஸ்டுலா, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்தது. வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் போகிறவர், அந்த வாரம் போகவில்லை என்று வெளியே நின்ற பெண்டாட்டி அழுதுகொண்டே சொன்னார். பொட்டாசியம் ஏறியிருக்கும் என்று கால்சியம் குளுக்கோனேட் மூணு ஆம்பியூல் போய், அடுத்த ரிதம் பார்க்கும்போது நாடி வந்தது. கேட்டிருக்காவிட்டால் அந்த அண்ணன் சொல்லியிருக்கமாட்டார். ஊசி மருந்து விஷயத்தில் நமக்கென்ன என்று பேசாமல் நின்றிருப்பார்.

சொந்தபந்தம் பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும். நம்ம ஊரில் ஒரு ஆள் விழுந்தால் தெருவே கிளம்பி வரும். எல்லாரையும் துரத்தினால் சண்டை, எல்லாரையும் விட்டால் கை நீட்ட இடமில்லை. விவரமான ஒருத்தரை மட்டும் உள்ளே சுவரோரம் நிற்க விடுகிறோம், செக்யூரிட்டி அண்ணன் கதவில். ஆரம்பத்திலேயே யாராவது வெளியே போய், “துடிப்பு நின்னுபோச்சு, நெஞ்சை அழுத்திட்டு இருக்கோம், வந்தா வரும், வராமலும் போகலாம்” என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். அழுத்துவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் கல் எடுப்பதில்லை.

முடிந்த பிறகு, பிழைத்தாலும் இறந்தாலும், கட்டில் பக்கத்திலேயே அஞ்சு நிமிஷம். எது நன்றாக ஓடியது, எங்கே தாமதம், எந்தப் பொருள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆளைக் குறை சொல்கிற பேச்சு அங்கே வேண்டாம். எங்களுக்கு அதில் அடிக்கடி வந்தது சிலிண்டர் சாவிதான். இப்போது ஒவ்வொரு சிலிண்டர் கழுத்திலும் பேண்டேஜ் துணியால் சாவி கட்டிக் கிடக்கிறது. லாரிங்கோஸ்கோப் லைட் எரிகிறதா, சக்ஷன் இழுக்கிறதா, டிஃபிப் பிளக்கில் இருக்கிறதா என்று டியூட்டி மாறும்போதே பார்த்துவிடுகிறோம்.

பழகுவதற்குப் பொம்மை வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். காலியாக இருக்கிற கேசுவால்டிக் கட்டிலில் ரெண்டு தலையணையை மடித்துப் போட்டு, உண்மையான ட்ரேயையும் உண்மையான டிஃபிப்பையும் இழுத்து வைத்து, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். வாரம் ஒரு தடவை போதும். ஒரு முறை டாக்டர் இல்லாமல், ஒரு முறை கரெண்டு போனது மாதிரி, ஒரு முறை ரெண்டே பேருடன். அதற்கும் நேரமில்லை என்றால் ஆள் மாற்றுவதை மட்டும் பழகுங்கள். ஒருத்தர் கையை எடுக்கிற நேரத்துக்கும் அடுத்தவர் முதல் அழுத்து அழுத்துகிற நேரத்துக்கும் நடுவே எத்தனை செகண்டு என்று புதுசாக வந்த பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் பத்தைத் தாண்டும். டியூட்டி முடிவதற்குள் அது மூணு நாலுக்கு இறங்கிவிடும்.